மானிஸின் வயிறு

வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று புவனேஸுக்குப் பெயர். அந்தப் பெயரை லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் வைத்தார்களா, அவளே வைத்துக்கொண்டாளா என்று கேட்டால் இப்போது கொஞ்சம் யோசிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் பிரசவ வார்டில் ஆயா வேலை பார்த்தவள். தரை துடைத்ததும் படுக்கை விரிப்பு மாற்றியதும்தான் அதிகம். ஆனால் எஸ்டேட்டுக்கு வாழ வந்த பிறகு, தரை துடைத்த வருஷங்கள் மெல்ல மெல்லப் பிரசவம் பார்த்த வருஷங்களாக மாறிவிட்டன. யார் வீட்டில் யார் உண்டாகியிருந்தாலும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்து "பையன்" என்பாள், "பொண்ணு" என்பாள். பாதி நேரம் பலித்தது. இருப்பதே இரண்டு வகைதான், பாதி பலிப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மானிஸ் வந்து சேர்ந்தது.

மலையூரான பிரிஞ்சாங்கைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் சாலையோரத்தில் புவனேஸுக்கு ஒரு கடை. அவித்த சோளம், ஸ்ட்ராபெரி, தேன். கணவன் மகேன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு லோரியில் கோலாலம்பூருக்கு இறங்குகிறவன். ஒருநாள் லோரியில் ஒரு மட்டக்குதிரையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தானா ராத்தா பக்கம் ஒரு விடுதியை மூடுகிறார்களாம், பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவந்த குதிரையை யாராவது நல்லபடியாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்களாம். வெள்ளையும் பழுப்பும் கலந்த பெட்டை. மகேனின் நெஞ்சு உயரம்தான் இருக்கும். நெற்றி மயிர் இரண்டு கண்ணையும் மறைத்துத் தொங்கியது. மானிஸ் என்று மலாய்ப் பெயர். இனிப்பு என்று அர்த்தம்.

கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். சனி ஞாயிறுகளில் தேயிலை பார்க்க வரும் பிள்ளைகள் அதன்மேல் ஏறி ஒரு சுற்றுப் போனார்கள். மற்ற நாட்களில் எஸ்டேட்டின் பழைய பந்துத் திடலில் மேய்ந்தது. அங்கே பந்து விளையாட ஆள் இல்லாமல் போய் வெகுநாளாயிற்று. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம், "புல்லு வெட்ட ஆள் கேட்டுக் கேட்டு என் தொண்டை வத்திருச்சு. நீ தாராளமா மேய விடும்மா" என்று சொல்லிவிட்டார்.

வருஷக் கடைசி மழை ஓய்ந்து வெயில் மாதங்கள் வந்தன. பகலில் பளீரென்ற வெயில், இரவில் போர்வைக்கு மேல் போர்வை கேட்கும் குளிர். திடலில் புல் மினுமினுவென்று கிளம்பியது. மானிஸ் பொழுது விடிந்து குனிந்தால் பொழுது சாய்ந்துதான் நிமிரும். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியது. பிடரி தடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புட்டத்தில் தட்டினால் தலையணையில் தட்டியதுபோல இருந்தது.

ஒரு மத்தியானம் சோளம் உரித்துக்கொண்டிருந்த புவனேஸ், குதிரையைப் பார்த்தவள் பார்த்தபடியே சோளத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, மானிஸ் முழுகாம இருக்கா."

மகேன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "யாரு, குதிரையா?"

"பின்ன, நானா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "எத்தன வயித்தப் பாத்தவ நான். அந்த லாட்ஜுல கறுப்பா ஒரு ஆம்பளக் குதிர இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருந்துச்சு."

"அவ்வளவுதான் லா, முடிஞ்சுச்சு."

மகேன் போனில் தேடிப் பார்த்து, குதிரை பதினோரு மாதம் சுமக்கும் என்றான். புவனேஸ் "பாவம்டி நீ" என்று மானிஸின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அன்றோடு சவாரியை நிறுத்தினாள். பிள்ளைத்தாச்சிமேல் யாராவது ஏறுவார்களா? பிள்ளைகளைச் சுமந்து நடந்த குதிரைக்கு அத்தோடு இருந்த ஒரே வேலையும் போனது.

பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் சொன்னது மறுநாள் காலையில். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாரியம்மா அவளைவிட மூத்தவள், தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள், எந்த நல்ல காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் மடி நிறையக் கேரட் கொண்டுவந்தாள். திரிங்காப்பில் தோட்டம் வைத்திருந்தவர்கள் வளைந்த கேரட், விற்காத முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் மகேனின் லோரியில் போட்டனுப்பினார்கள். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹக்கீம் பாய், பழுத்துப்போன வாழைப்பழங்களைத் தூக்கி எறியாமல் எடுத்துவைத்து, "ரெட்டை உயிரு, கொடுத்து வைக்கணும்" என்று கொடுத்தனுப்பினார். புவனேஸ் தன் பங்குக்குக் காலையும் மாலையும் வெல்லம் கொடுத்தாள்.

வளைகாப்பு யோசனை மாரியம்மாவுடையது. அதைப் பெரிதாக்கியது புவனேஸ்தான் என்பதை அவள் மறுப்பதில்லை. கொட்டகையில் மாவிலைத் தோரணம் கட்டினாள். கண்ணாடி வளையல்களைச் சிவப்பு நூலில் கோத்து மானிஸின் கழுத்தில் போட்டாள். சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாகத் தட்டு வைத்தார்கள். மானிஸ் புளிச்சாதத்தை மட்டும் முகர்ந்துவிட்டு ஒதுக்கியது.

"பாத்தீங்களா, புளிப்பு புடிக்கல. பொட்டக்குட்டிதான்" என்றாள் புவனேஸ். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். போட்டோ எடுத்து லயத்து வாட்சாப் குழுவில் போட்டார்கள். அன்று புவனேஸ் கட்டியிருந்தது தீபாவளிக்கு எடுத்த பட்டு.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், ஒரு காலையில் கொட்டகையைத் திறந்தபோது மானிஸ் நகரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மூக்கு விரிய மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கயிற்றை இழுத்தால் ஒரு அடி வைத்து முனகியது. சர்க்கரைப் பொங்கலையே தட்டோடு நக்கிய குதிரை, வெல்லத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வலி எடுத்துருச்சு!" என்று புவனேஸ் போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது.

பத்து நிமிஷத்தில் சுடுதண்ணீர் வந்தது. பழைய துண்டுகள் வந்தன. மாரியம்மா விபூதியோடு வந்தாள். ஆம்பளைகளை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, புவனேஸ் மானிஸின் வயிற்றை நல்லெண்ணெய் போட்டுத் தடவினாள். "மூச்ச இழுத்து விடுடி கண்ணு" என்றாள். கதவருகில் நின்ற மகேன், "மாசம் கணக்கு வரலியே புவனேஸ்" என்று மெதுவாகச் சொன்னான். "குறப்பிரசவம்" என்றாள் அவள், திரும்பிப் பாராமல். வெளியே பெண்கள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

மகேனுக்கு மனசு கேட்கவில்லை. ஹக்கீம் பாயின் மகள் ஹஸ்லினா ஈப்போவில் மாட்டு டாக்டராக இருந்தாள். விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருப்பது அவனுக்குத் தெரியும். போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவள் கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது புவனேஸ் கடையில் சோளம் வாங்கித் தின்ற பெண்.

"வா பாப்பா, தல இன்னும் தெரியல" என்றாள் புவனேஸ்.

ஹஸ்லினா குதிரையின் வாலுக்குப் பின்னால் போகவே இல்லை. முன்னால் வந்து குனிந்து இரண்டு முன்னங்குளம்புகளையும் தொட்டுப் பார்த்தாள். கணுக்காலில் விரலை வைத்து நாடி பார்த்தாள். பிறகு பிடரியைப் பிடித்து அமுக்கினாள், விலாவில் கையை அழுத்தித் தேடினாள்.

"ஆன்ட்டி, குளம்பத் தொட்டுப் பாருங்க."

புவனேஸ் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது.

"இது பிரசவ வலி இல்ல. கால் வலி. குளம்புக்குள்ள வீங்கியிருக்கு. ரொம்ப இனிப்பான தீனி, ரொம்ப எடை. அதான்."

"அப்ப குட்டி?"

"குட்டி இல்ல ஆன்ட்டி. எல்லாம் கொழுப்பு."

வெளியே நின்ற பெண்கள் கதவருகே நெருங்கி வந்தார்கள்.

"அந்தக் கறுப்புக் குதிர..." என்று புவனேஸ் இழுத்தாள்.

"அந்தக் கறுப்பு பூஜாங்கா? நான் காலேஜ் படிக்கிறப்போ லீவுல அந்த லாட்ஜுலதான் வேல பாத்தேன். அதுக்குக் காயடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு."

கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு புவனேஸ் நின்றாள். அத்தனை வருஷமாக வயிறு வயிறாகப் பார்த்து வாங்கிய பெயர், ஒரு குதிரையின் வயிற்றில் போய் முடிந்தது. வெளியே யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து, அது இருமலாக வந்தது. ஆனால் அவமானப்பட நேரம் இருக்கவில்லை. "பொழைக்குமா?" என்று கேட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பொழைக்கும். ஆனா நான் சொல்றதச் செய்யணும்."

ஹக்கீம் பாய் கடையிலிருந்து மூட்டை ஐஸ் வந்தது. வாளித் தண்ணீரில் ஐஸைப் போட்டு மானிஸின் முன்னங்கால்களை அதில் நிறுத்தினார்கள். ஹஸ்லினா வலிக்கு ஊசி போட்டாள். கொட்டகைத் தரையில் மரத்தூளைக் கனமாகப் பரப்பச் சொன்னாள். திடல் பக்கமே போகக்கூடாது என்றாள்.

"இங்க பகல்ல வெயில், ராத்திரி குளிரு. புல்லு வெயில்ல சர்க்கரையச் செஞ்சு, குளிருல அதச் செலவழிக்காம வச்சுக்கும். நீங்க பச்சப் புல்லுன்னு நெனைக்கிறீங்க. அது மிட்டாய் கடை."

"நாளையிலருந்து ஒரு பருக்க கெடையாது டாக்டர்" என்றாள் புவனேஸ். பாப்பா டாக்டராகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ஐயோ, பட்டினி போட்டீங்கன்னா வேற வியாதி வந்து செத்துரும். காஞ்ச புல்லத் தண்ணியில ஊறவச்சு, தண்ணிய ஊத்திட்டு, எட போட்டுக் கொடுங்க. மத்தது எதுவும் வேணாம்."

மார்பைச் சுற்றி அளந்து வைத்துக்கொண்டால் எடை இறங்குவது தெரியும் என்றாள். புவனேஸ் ரவிக்கை தைக்கும் அளவு நாடாவை எடுத்து வந்தாள். அது மானிஸைச் சுற்றி வரவில்லை. கயிற்றைச் சுற்றி, அதில் மையால் அடையாளம் வைத்தார்கள்.

காய்ந்த புல் ஈப்போவிலிருந்து வந்தது. புவனேஸ் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் பிழிந்து, மகேனின் காய்கறித் தராசில் நிறுத்துக் கொடுத்தாள். மானிஸ் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கும். பத்தியச் சோற்றைப் பார்க்கும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

லயத்தில் வேறு கதை ஓடியது. குட்டி கலைந்துவிட்டதாம், புவனேஸ் வெளியே சொல்ல முடியாமல் கொழுப்பு என்று சமாளிக்கிறாளாம். மாரியம்மா துக்கம் விசாரிக்க வந்தாள். கையில் கேரட்.

"கண்ணு பட்டுருச்சு புவனேஸ். போட்டோ போட்டிருக்கக் கூடாது."

"அக்கா, குட்டியே இல்லக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீ தப்பாச் சொல்லுவியா? எத்தன வயித்தப் பாத்தவ." மாரியம்மா அவள் தோளைத் தட்டினாள். "மனசத் தேத்திக்க."

தனக்குத் தெரியாது என்று நம்பவைப்பது, தெரியும் என்று நம்பவைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. குதிரையைப் பார்க்க வந்த பிள்ளைகளும் பிஸ்கட், சிப்ஸ் என்று கொட்டகைக்குள் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மகேனிடம் ஒரு பலகை எழுதச் சொன்னாள். மகேன் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் எழுதினான்: 'நான் கர்ப்பமாக இல்லை. எனக்குத் தீனி போடாதீர்கள்.' குதிரை பேசுவதுபோல இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பது அவன் எண்ணம். கொட்டகையில் ஆணி இறங்கவில்லை என்று பக்கத்திலேயே கடையின் முகப்பில் மாட்டிவிட்டு லோரி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று முழுக்க வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். புவனேஸும் சிரித்தாள். வியாபாரம் நல்லபடியாக நடக்கிறது என்று நினைத்தாள். நாலைந்து பேர் அவளைப் போட்டோவும் எடுத்தார்கள். சாயங்காலம் ஸ்ட்ராபெரிப் பெட்டியை எடுத்து வைக்க வெளியே வந்து நிமிர்ந்தபோதுதான், தன் தலைக்கு நேர் மேலே அந்தப் பலகை தொங்குவதைப் பார்த்தாள். சும்மாவே அவள் கொஞ்சம் கனத்த உடம்புக்காரி.

இரண்டு வாரத்தில் மானிஸ் நடந்தது. குளம்புச் சூடு தணிந்தது. ஆனால் கயிற்றில் அடையாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஹஸ்லினா போனில் கேட்டாள்: "யாராச்சும் திருட்டுத்தனமாத் தீனி போடுறாங்களா ஆன்ட்டி?"

புவனேஸ் போனை வைத்த கையோடு கிளம்பினாள். மாரியம்மா வீட்டு வாசலில் போய், "அக்கா, நீங்க கேரட் போடலன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். மாரியம்மா சத்தியம் பண்ணிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹக்கீம் பாயிடம் போய் வாழைப்பழத்தைப் பற்றி நியாயம் கேட்டாள். தன் மகளே வைத்தியம் பார்க்கும் குதிரைக்குத் தான் எதற்குப் பழம் போடப் போகிறேன் என்று அவர் திருப்பிக் கேட்டார். அமிர்தலிங்கத்தைக்கூட விடவில்லை. "நான் புல்லு மட்டும்தானம்மா கொடுத்தேன், அதுவும் நீ கேட்டு" என்றார் அவர், பாவமாக.

கடைசியில் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். மகேனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய்க் குந்தினாள். செடி இடுப்பு உயரம்தான். அவள் குந்தினாலும் பாதி வெளியே தெரிந்தது. மேல் சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "என்ன புவனேஸ், எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று ஒருத்தி கத்தினாள். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அட்டை ஒன்று கெண்டைக்காலில் ஏறியது.

யாரும் வரவில்லை. கடையில் மகேன் சோளம் உரித்துக்கொண்டிருந்தான். உரித்த தோலையும், பூச்சி அரித்த சோளத்தையும், பிஞ்சையும், திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த கூடையில் போட்டான். கொட்டகைத் தடுப்புக்கு மேலாக மானிஸின் கழுத்து நிதானமாக நீண்டது. கூடைக்குள் தலையை விட்டது. மென்றது. மறுபடி நீண்டது.

"அடப்பாவி மனுசா!" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள், இரண்டு அடி வைத்து நின்றாள். கூடையை அங்கே வைத்தது அவள். குப்பைக் குழிவரை நடக்கச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டட்டும் என்று அவளே வைத்தது. தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை பின்னால் பாராமல் அதில் எறிந்ததும் அவளேதான். கூடை எப்போதும் நிறைவதே இல்லையே என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. ஊரெல்லாம் திருடனைத் தேடியவள், திருடனுக்கு மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறாள்.

சரிவில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தாள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள். காலிலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முதலில் மாரியம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, திருடன் கெடைச்சிட்டான்."

"யாரு?" என்றாள் மாரியம்மா, கதவைப் பாதி திறந்து.

"இங்கதான் நிக்கிறேன்."

மாரியம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "உள்ள வா. டீ குடி" என்றாள். ஹக்கீம் பாயிடமும் கிராணியிடமும் மறுநாள் போய் அதையே சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது கதை கொஞ்சம் நன்றாகவே வந்தது.

கூடையை எடுத்த பிறகு எடை இறங்கியது. குளம்பு தேறிவிட்டது என்று ஹஸ்லினா சொன்னதும் நடை பழக்கினாள். காலையில் பனி கலையும்போது தோட்டத்துச் சாலையில் மானிஸைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். முதல் நாட்களில் மூச்சு வாங்கி நின்றது குதிரை. போகப் போக, வளைவில் நின்று திரும்பிப் பார்த்து, பின்னால் மூச்சிரைக்க வருகிறவளுக்காகக் காத்திருந்ததும் குதிரைதான். கயிற்றில் அடையாளம் விரல்விரலாக உள்ளே நகர்ந்தது.

மறுபடி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாய்க்கூடையோடு ஹஸ்லினா வந்தாள். அடியில் சின்ன ஓட்டை வைத்த கூடை. அதை மாட்டினால் புல் நுனி மட்டும் வாய்க்கு எட்டும், அள்ளித் தின்ன முடியாது. விலாவில் கை வைத்துப் பார்த்து, "இப்ப எலும்பு கைக்குத் தட்டுது. இதுதான் சரி. காலையில கொஞ்ச நேரம் மட்டும் திடல்ல விடலாம்" என்றாள். மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே, "இங்க புல்லு என்னிக்கும் காயாது ஆன்ட்டி. அதனால இந்த வேல என்னிக்கும் முடியாது" என்றும் சொன்னாள்.

மறுநாள் திடலுக்குப் போகும் வழியில் ஒரு கோலாலம்பூர் அம்மாள் கெரெத்தாவை நிறுத்தி, "வாயக் கட்டி வச்சிருக்கீங்களே, பாவம் இல்லையா? இளைச்சு வேற போயிருக்கு" என்று சத்தம் போட்டாள். கூட வந்த மாரியம்மா சண்டைக்குத் தயாராகச் சேலையை இடுப்பில் செருகினாள். புவனேஸுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சர்க்கரை, குளிர், குளம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி அந்த அம்மாளை உட்காரவைத்துவிடலாம். வாய்வரை வந்தது.

"எனக்கும் ரொம்பத் தெரியாதுங்க. டாக்டர் சொன்னபடி செய்யறேன்" என்று மட்டும் சொன்னாள்.

திடல் வாசலில் கயிற்றை அவிழ்த்தாள். மானிஸ் கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. பிறகு காதை விறைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பின்னங்கால் இரண்டையும் காற்றில் உதறி, பனி சிதற, கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அது ஓடி புவனேஸ் பார்த்ததே இல்லை. இவ்வளவு வேகம் அதற்குள் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"ஓடுது பாரு லா!" என்றாள் மாரியம்மா.

புவனேஸ் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி, அதன் குளம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.